மே மாதத்து நாட்குறிப்பு



மே மாதம் முடிந்ததும் பங்கு நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தோம். வெற்றுப் பக்கம் ஒன்றேனும் இல்லை. முதல் நாள் தொழிலாளரான சூசையப்பர் திருநாள். மாலைதோறும் செபமாலை, மாதா வணக்கம். சிறுவர்க்குப் பத்து நாள் விடுமுறை மறைக்கல்வி. ஆறு திருமணங்கள், அவற்றுள் ஒன்று நம் தமக்கையின் மகளுக்கு. மணமக்களை ஆசீர்வதித்த கையோடு பந்தியில் அமர்ந்தோம், எழுந்தோம், பேருந்து ஏறினோம். "உன்னோடு நாலு வார்த்தை பேச வாய்க்கவில்லையே, தம்பி" என்று மறுநாள் தொலைபேசியில் தமக்கையார் குறைப்பட்டுக்கொண்டார். இடையே கடைவாய்ப் பல் ஒன்றும் நம்மை விட்டுப் பிரிந்தது. மற்ற நாள்களையெல்லாம் இசை எடுத்துக்கொண்டது.

நமது கோவிலில் நாற்பது ஆண்டுகளாக ஆர்மோனியம் வாசித்து வந்தவர் ஒரு முதியவர். 'பாட்டு வாத்தியார்' என்றால்தான் ஊரில் தெரியும். இளைஞர்கள் கீபோர்டு வேண்டுமென்று கேட்டார்கள். மாதத் தொடக்கத்தில் வாங்கிக் கொடுத்தோம். பொத்தானை அழுத்தினால் சுருதி ஏறும், இறங்கும். தாளமும் தானே ஒலிக்கும். ஒரு ஞாயிறன்று, திருப்பலிக்குப் பின், திருவுடை அறையில் நின்றபடியே, "ஐயா, இனி நீங்கள் ஓய்வெடுத்துக்கொள்ளலாமே" என்றோம். திருமணப் பதிவேட்டில் கையொப்பமிட ஆகும் நேரங்கூட அதற்கு ஆகவில்லை. "சரிங்க சுவாமி" என்றார் அவர்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நம் இசைக்குரிய கமகம் அந்தப் பெட்டியில் எழாது என்றும், அகில இந்திய வானொலியே 1940 முதல் 1971 வரை அதனை விலக்கி வைத்திருந்தது என்றும் படித்ததை வேறு எடுத்துரைத்தோம். கீபோர்டிலும் அதே கட்டைகள்தாம் என்பது அப்போது நமக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை பாடற்குழுவோடு ஒரு சுற்றுலா. இடம் மிஞ்சியதால் பங்கின் தாய்மார் சிலரும் வந்தார்கள். வாத்தியாரையும் அழைத்தோம், உடல்நலமில்லை என்று சொல்லியனுப்பினார். கல்லணையில் காலைச் சிற்றுண்டி, பூண்டி மாதா கோவிலில் திருப்பலி. திருவையாற்றைக் கடக்கும்போது தியாகராசர் சமாதி இவ்வூரில்தான் என்று பிள்ளைகளுக்குக் கூறினோம். பெரிய வித்துவான்களும் கற்றுக்குட்டிகளும் அங்கே ஆண்டுதோறும் ஒன்றாய் அமர்ந்து ஒரே குரலில் பாடுவதையும் சொன்னோம். மேட்டூர் அணை திறக்க நாளிருந்தமையால் கொள்ளிடம் வெறும் மணலாய்க் கிடந்தது. பாலம் கடந்து ஏலாக்குறிச்சி சேர்ந்தோம். சூசையப்பரைத் தலைவராக்கி 3615 பாடல்களில் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் எழுப்பிய அடைக்கல மாதா திருத்தலம் அது. இத்தாலியில் பிறந்தவர் இவ்வூர் மக்களின் மொழியைப் பணிந்து கற்ற கதையைப் பிள்ளைகளுக்கு விரிவாகவே விளக்கினோம்.

பகலுணவு முடிந்து மரநிழலில் இருக்கையில் ஓர் அம்மையார் சொன்னார்: "இப்போதெல்லாம் பூசையில் பாட்டு வெகு நேர்த்தி, சுவாமி. கேட்டுக்கொண்டே இருக்கலாம்."

மகிழ்ந்துபோய், "நீங்களும் சேர்ந்து பாடுகிறீர்கள் அல்லவா?" என்றோம்.

"எங்களுக்கு அந்த வேகம் எட்டாது, சுவாமி. வாத்தியார் என்றால் எங்கள் மூச்சுக்காக நிறுத்தி நிறுத்தி வாசிப்பார்."

அவர் குறையாகச் சொல்லவில்லை, பாராட்டாகவே சொன்னார். மறுநாள் பீடத்திலிருந்து கவனித்தோம். பாடற்குழு சிறப்பாகப் பாடிற்று. முன் வரிசை முதல் கடைசி வரிசை வரை வாய்கள் மூடியே இருந்தன. மக்கள் பாடுவதை வளர்க்க வேண்டுமென்று 1963இல் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய ஏட்டில் வகுத்துரைத்ததைக் குருமடத்தில் கற்றுத் தேர்வும் எழுதியவர் நாம். அந்த மௌனத்தை முந்திய ஞாயிறுகளில் நாம் கேட்கவே இல்லை.

ஒவ்வொரு திருப்பலியிலும் இரண்டு பாடல்களாவது ஊரறிந்த பழம்பாடல்களாய், நிதானமாய் அமைய வேண்டுமென்று இளைஞர்களிடம் சொன்னோம். முகம் சுளித்தார்கள், பிறகு இசைந்தார்கள்.

மாதத்தின் கடைசி நாள் வாத்தியாரின் இல்லம் சென்றோம். அவர் மனைவி காப்பி கொடுத்தார், ஒன்றும் பேசவில்லை. பெட்டி பரணில் இருந்தது. இறக்கிப் பார்த்தால் துருத்தியின் மடிப்பை எலி கடித்திருந்தது. வானொலிக் கதை சொன்னதற்கும், நின்றபடி பேசி அனுப்பியதற்கும் மன்னிப்புக் கேட்டோம். "அந்தப் பிள்ளைகள் நன்றாகத்தான் வாசிக்கிறார்கள், சுவாமி. எனக்கு அந்த வேகம் வராது" என்றார். பழம்பாடல்களுக்கு மட்டுமாவது வரவேண்டும் என்று கேட்டோம். அதற்கு அவர் விடை கூறவில்லை. துருத்தியைச் செப்பனிட எத்தனை நாள் பிடிக்கும் என்று மட்டும் வினவினார்.

பெட்டி இப்போது திருச்சியில் பழுது பார்க்கும் கடையொன்றில் இருக்கிறது. பதினைந்து நாளாகுமாம்.