கழற்றி மாட்டுவது பழுதுபார்ப்பதாகுமா?

சென்ற மழைக்காலத்தில் என் தங்கை மகன் குடும்பத்துடன் காரில் குமுளிக்கு வந்திருந்தான். இரண்டு நாள் தேக்கடியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் காலையில் புறப்படச் சாவியைத் திருப்பினால், 'டிக்' என்ற ஓசை மட்டும் வந்தது. "பத்து நாளைக்கு முன்னாடிதான் மாமா புது செல்ஃப் போட்டேன். 9,000 ரூபாய்!" என்று தலையில் கைவைத்துக்கொண்டான். அவன் ஊரிலுள்ள ஒரு பட்டறையில் அப்போதும் இதே 'டிக்' ஓசைக்காகத்தான் செல்ஃபை மாற்றியிருக்கிறார்கள். பழைய செல்ஃப் எங்கே என்று கேட்டேன். அது அவனுக்குத் தெரியவில்லை.

பக்கத்துப் பட்டறையிலிருந்து ஓர் இளைஞரை அழைத்து வந்தேன். அவர் செல்ஃபைத் தொடவே இல்லை. சாவியைத் திருப்பச் சொல்லி ஹெட்லைட்டைப் பார்த்தார். பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து, இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, மீண்டும் இறுக்கினார். வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. கூலியாக 200 ரூபாய் கேட்டார்.

"ஒரு போல்ட்டை முறுக்கினதுக்கு இருநூறா?" என்றான் என் மருமகன். தேவையில்லாத செல்ஃபுக்கு 9,000 ரூபாயை மறுபேச்சில்லாமல் கொடுத்தவன் அவன்!

எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கந்தான் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வியைக் கேட்டவன் நான். அந்தக் கேள்விக்கு நான் கொடுத்த விலையைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லிவிட்டு, ஒரு வேண்டுகோளையும் வைக்கலாமென்றே இதை எழுதுகிறேன். நான் மெக்கானிக் அல்ல. ஏலத்தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன்.

1994இல் என்னிடம் ஒரு பழைய பெட்ரோல் அம்பாசடர் இருந்தது. மழைக்கு முன்னர் வைகாசியில் அதைப் பட்டறைக்குக் கொண்டு போனேன். மேஸ்திரி கம்பத்துக்காரர். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், மூடியில மயிரிழை மாதிரி கீறல் விழுந்திருக்கு. பாயின்ட் தீஞ்சிருக்கு. செல்ஃபும் இழுவையா இருக்கு, புஷ் தேஞ்சிருக்கும். ஒருநாள் வண்டிய விட்டுட்டுப் போங்க, ரெண்டையும் இறக்கிப் பாத்துடறேன்" என்றார். சாமான் விலை போகக் கூலி 120 ரூபாய் என்றார். "ஓடுற வண்டியைக் கழற்றி மாட்டுறதுக்கு நூத்தி இருபதா மேஸ்திரி?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்து வந்துவிட்டேன். மிச்சம் பிடித்துவிட்ட பெருமை வேறு.

மூன்று வாரம் கழித்து, ஆனி மாதத்து அடைமழையில், நள்ளிரவு ஒரு மணிக்கு என் தாயாருக்கு நெஞ்சுவலி வந்தது. கம்பத்துக்குக் கொண்டு போக வேண்டும். செல்ஃபை அழுத்தினால் இன்ஜின் முனகி முனகிச் சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை. பத்தாவது தடவைக்குள் பேட்டரி ஓய்ந்துவிட்டது. ஹேண்டில் போட்டுக் கை ஓயும்வரை சுற்றினேன்; ஒரு இருமல்கூட இல்லை. என் வீடு பள்ளத்தில் இருந்தது. தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வழியில்லை. அந்நாளில் 108 ஆம்புலன்ஸும் இல்லை, கையில் போனும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பையன் ஓடிப்போய்ப் பட்டறைக்குப் பின்னால் குடியிருந்த மேஸ்திரியை எழுப்பினான். தலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு டார்ச்சுடன் வந்தார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் ரோட்டரையும் கழற்றி உள்ளே ஓடினார். பனியனைக் கழற்றி ஈரத்தைத் துடைத்தார். என் மனைவி பற்றவைத்த அடுப்பின் மேல் எட்டப் பிடித்து மூடியைக் காயவைத்தார். பாயின்ட்டைச் சிறு அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, தீப்பெட்டி அட்டையை நடுவில் வைத்து இடைவெளியைச் சரிபார்த்தார். மீண்டும் மாட்டி, ஹேண்டிலை ஒரே வீச்சு வீசினார். இன்ஜின் உயிர் பெற்றது.

மருத்துவமனை போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டே முக்கால். "வலி வந்து இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள்?" என்று டாக்டர் கேட்டார். "மழை" என்றேன். அது பொய். என் தாயார் பிழைத்து, பின்னும் 9 ஆண்டுகள் எங்களோடு இருந்தார். ஆனாலும் அந்தப் பொய் இன்றும் என் தொண்டையில் நிற்கிறது.

அன்றிரவு மேஸ்திரி காசு வாங்கவில்லை. இரண்டு நாள் கழித்து வண்டியை விட்டு, 120 ரூபாயைப் பேசாமல் கொடுத்தேன். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து முழுநாளும் பார்த்தேன். எதற்குக் கூலி கேட்டார் என்று அன்றுதான் புரிந்தது.

டிஸ்ட்ரிபியூட்டரின் வேலை, பெயருக்கேற்பப் பங்கிட்டுக் கொடுப்பது. இன்ஜின் இரண்டு சுற்றுச் சுற்றினால் அது ஒரு சுற்றுச் சுற்றும். உள்ளேயிருக்கும் பாயின்ட் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காயிலில் ஓடும் மின்சாரம் சட்டென்று அறுபட, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 15,000 வோல்ட்டுக்கு மேல் எழுகிறது. ரோட்டர் அதை வாங்கி, 1-3-4-2 என்ற வரிசையில் நான்கு பிளக்குகளுக்கும் கொடுக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் இன்ஜின் ஓடினால் விநாடிக்கு 100 பொறி! பாயின்ட்டின் இடைவெளியோ 0.4 மில்லிமீட்டர் அளவுதான். கண்டென்சர் கெட்டால் பாயின்ட் தீய்கிறது. மூடியில் கீறல் விழுந்து ஈரமும் சேர்ந்தால், பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் கீறல் வழியே கசிந்துவிடுகிறது.

செல்ஃபின் கதை வேறு. வேலை செய்வது சில விநாடிதான். ஆனால் அந்தச் சில விநாடியில் 150 ஆம்பியருக்கு மேல் பேட்டரியிலிருந்து இழுக்கும். புஷ் தேய்ந்து ஆர்மெச்சர் உரசத் தொடங்கினால் இன்னும் அதிகமாக இழுக்கும். அப்போது பேட்டரியின் வோல்டேஜ் இறங்குகிறது. அதே பேட்டரியை நம்பித்தான் காயிலும் இருக்கிறது. ஆக, ஈரத்தில் பொறி பலமாக விழவேண்டிய நேரம் பார்த்து, செல்ஃப் பொறியின் பலத்தைக் குறைத்துவிடுகிறது. தனித்தனியே இருந்திருந்தால் இரண்டு குறைகளும் சமாளிக்கக் கூடியவையே. கைகோத்துக்கொண்டபோது ஓர் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தன. வைகாசியில் வெறும் கண்ணாலும் காதாலும் மேஸ்திரி கண்டு சொன்னது இதைத்தான்.

அன்று அவர் மூடி, பாயின்ட், கண்டென்சர் ஆகியவற்றைப் புதிதாக மாற்றினார். ரோட்டருக்கு அடியில் இரண்டு சொட்டு எண்ணெய், கேமின் மேல் மிளகளவு கிரீஸ். அதற்கு மேல் வைத்தால் தெறித்துப் பாயின்ட்டில் படியும் என்றார். செல்ஃபை இறக்கி, கார்பன் பிரஷ்களின் நீளம் பார்த்தார்; கம்யூட்டேட்டரைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தார். பெண்டிக்ஸை மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் விடாமல் காயவைத்து மாட்டினார். எண்ணெய் இருந்தால் தூசு ஒட்டிப் பல் ஏறாதாம். புதுப் புஷ்களை முந்தின இரவே எண்ணெயில் ஊறப்போட்டிருந்தார். ஒட்டுமொத்தச் சாமான் விலை ஒரு புது செல்ஃபின் விலையில் சிறு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் அறிவும் பொறுமையும்.

இந்த இரண்டையும் காருக்குத் தந்தவர் ஒருவரே என்பதைப் பின்னாளில் படித்து வியந்தேன். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங், பணப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர். பேட்டரி, காயில், பாயின்ட் கொண்ட இக்னிஷனை 1910ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் காருக்கும், மின்சார செல்ஃபை 1912ஆம் ஆண்டு மாடலுக்கும் கொண்டுவந்தார். அதற்கு முன் ஹேண்டில் எதிர்த்து உதைத்துக் கையொடிந்தவர்கள் பலர். நம் நாட்டில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ், சென்னை பாடியில் செல்ஃப் மோட்டார்களையும் டிஸ்ட்ரிபியூட்டர்களையும் செய்தது. அவை பிரிக்கவும் கோக்கவும் ஏற்றபடி செய்யப்பட்டவை. பிரஷ் தனியே விற்றது, புஷ் தனியே விற்றது.

டிஸ்ட்ரிபியூட்டர் மறைந்துவிட்டதே என்று நான் அழவில்லை. இன்றைய கார்களில் பாயின்ட் இல்லை, தீய்வதும் இல்லை. கம்ப்யூட்டரே பொறியின் நேரத்தைக் கணக்கிடுகிறது. அம்பாசடர் உற்பத்தியும் 2014இல் நின்றுவிட்டது. அது வளர்ச்சி. ஆனால் செல்ஃப் இன்னும் பெரும்பாலான கார்களில் இருக்கிறது, எர்த் போல்ட் எல்லாக் கார்களிலும் இருக்கிறது, துருவும் இருக்கிறது. மறைந்துகொண்டிருப்பது, 'ஏன் கெட்டது?' என்று கேட்கும் பழக்கம். அது மறைவதற்கு மெக்கானிக்கைக் காட்டிலும் நாமே காரணம் என்பது என் தாழ்மையான கருத்து.

எப்படியென்றால், புதுப் பாகத்துக்குக் கொடுக்கும் காசு நம் கண்ணுக்குப் பொருளாகத் தெரிகிறது. நோயைக் கண்டுபிடித்ததற்குக் கொடுக்கும் காசு ஏமாந்ததாகத் தெரிகிறது. அரைமணி நேரம் மீட்டர் வைத்துத் தேடி 200 ரூபாய் கேட்பவரோடு மல்லுக்கு நிற்கிறோம். ஐந்து நிமிடத்தில் 'மாத்திடலாம் சார்' என்பவருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து நன்றியும் சொல்கிறோம். அப்படியானால் பிழைக்கத் தெரிந்தவர் எந்தப் பக்கம் போவார்? ஆயிரம் வேரைக் கண்டவன் அரை வைத்தியன் என்பார்கள். நம் பட்டறைகளில் வேரைக் காண்பவருக்குக் கூலியில்லை.

"நேரம் மிச்சமாகிறதே, புதுப் பாகத்துக்கு உத்தரவாதமும் இருக்கிறதே" என்று கேட்கலாம். நியாயந்தான். ஆர்மெச்சர் கருகிப்போன செல்ஃபை மாற்றத்தான் வேண்டும். ஆனால் தவறான பாகத்துக்குக் கொடுத்த உத்தரவாதம் எதற்கு உதவும்? என் மருமகனின் புது செல்ஃபுக்கும் உத்தரவாதம் இருந்தது. வண்டிதான் கிளம்பவில்லை.

எல்லையில் வாழ்கிற எங்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையால் குமுளி எல்லையில் போக்குவரத்து நின்றபோது, தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் பாகங்கள் மேலே வரவில்லை. அந்நாட்களில் வண்டிகளை ஓட்டவைத்தவர்கள், மாற்றத் தெரிந்தவர்கள் அல்ல, பார்க்கத் தெரிந்தவர்கள். அவர்களில் தமிழரும் உண்டு, மலையாளிகளும் உண்டு. 'செல்ஃப்' என்றால் இரு மொழியிலும் செல்ஃப்தான். சித்திரா பௌர்ணமிக்குக் காட்டு வழியே மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஏறும் ஜீப்புகளையும் பார்க்கிறேன். டீசல் இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. ஆனால் அழுத்தம் அதிகமாதலால் செல்ஃபுக்குச் சுமை அதிகம். அனுபவமுள்ள ஓட்டுநர்கள் திருவிழாவுக்கு முன்பே அதை இறக்கிப் பிரஷ் பார்த்துவிடுகிறார்கள். நடுக்காட்டில் ஏற்றத்தில் நின்றுவிட்டால் பின்னால் ஒரு வரிசையே நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். செல்ஃப் 'டிக்' என்றால் உடனே புதிது கேட்காதீர்கள். முதலில் பேட்டரியைப் பார்க்கச் சொல்லுங்கள்: நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்விலே 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. அடுத்து, பேட்டரி முனைகளும் எர்த்தும். அதன் பிறகே செல்ஃப். மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, எது கெட்டது என்று காட்டச் சொல்லுங்கள். இவற்றையெல்லாம் பொறுமையாகச் செய்பவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பாகம் மாற்றாவிட்டாலும் கொடுங்கள், மாற்றாததற்காகவே கொடுங்கள்.

நம் சங்கத்துக்கும் ஒன்று சொல்வேன். ஆண்டு விழா மேடையில் கவிஞர்களுக்கும் பேச்சாளர்களுக்கும் பொன்னாடை போர்த்துகிறோம். அடுத்த ஆண்டு, முப்பது வருடம் பட்டறையில் குனிந்த ஒரு மேஸ்திரிக்கும் போர்த்துவோம். அதற்கு முன்னதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை தொடங்குமுன், அவரையே ஆசிரியராக வைத்து நம் பிள்ளைகளுக்குப் பேட்டரியையும் எர்த்தையும் பார்க்கக் கற்றுக்கொடுப்போம்.

என் மருமகன் கடைசியில் அந்த இளைஞருக்கு 200 ரூபாயைக் கொடுத்துவிட்டான். புறப்படுமுன், "பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன கதையை ஏன் மாமா இத்தனை வருஷமா சொல்லல?" என்று கேட்டான். 120 ரூபாய்க்குப் பேரம் பேசிய கதையை யார் விரும்பிச் சொல்வார்கள்?