பீரோவுக்கு இடமில்லை

பெரும்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டின் உள்வேலைக்காக வந்த டிசைனர் லேப்டாப்பைத் திறந்து காட்டிய முதல் படத்தில், சமையல் மேடை மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணமும் அதில் ஆறு பச்சை ஆப்பிளும் இருந்தன. எங்கள் வீட்டில் யாரும் பச்சை ஆப்பிள் வாங்கியதில்லை. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் அந்தப் படத்தைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. இதுல தண்ணி கேன் எங்க இருக்கு?"

"அதெல்லாம் அப்புறம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் ஆன்ட்டி."

அப்புறம் அட்ஜஸ்ட் பண்ணப்போவது யார் என்பதுதான் என் கேள்வி. 20 லிட்டர் தண்ணீர் கேன், 14.2 கிலோ சிலிண்டரும் அதற்கு ஒரு ஸ்பேரும், கிரைண்டர், அரிசி மூட்டை, ஈரத்துணி காயப்போடும் ஸ்டாண்டு, துடைப்பம், மாப். இவை இல்லாமல் ஒரு சென்னைக் குடும்பத்தால் ஒரு வாரம் ஓட்ட முடியாது. அந்த 3டி படங்களில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. பார்க்கிற பொருளுக்கெல்லாம் இடம் இருந்தது. வேலை செய்கிற பொருளுக்கு இல்லை. டிவிக்குப் பின்னால் பத்தடிச் சுவர் முழுக்க மரப்பட்டை அடித்து அதற்குள் மஞ்சள் விளக்கு ஒளித்திருந்தார்கள். வேலைக்கு வரும் அக்கா தன் பையையும் செருப்பையும் எங்கே வைப்பார் என்று யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

'இதெல்லாம் காசு இருக்கிறவன் பிரச்சினை' என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். இருக்கிறவன் எங்கே? 20 வருஷ வீட்டுக் கடனுக்கு மேலே பர்சனல் லோன் போட்டுத்தான் இன்று பாதிப் பேர் உள்வேலை செய்கிறார்கள். சாவி கையில் வந்த வாரமே ஃபோன் வர ஆரம்பிக்கிறது. 'டிசைன் ஃப்ரீ சார்' என்கிறார்கள். ஃப்ரீ என்றால் அந்தக் கூலி வேறு எங்கோ ஏறியிருக்கிறது என்று அர்த்தம். சதுர அடி ரேட்டில் ஏறியிருக்கும், ப்ளைவுட் கடைக்காரர் தரும் கமிஷனில் ஏறியிருக்கும். வரைகிறவருக்கும் பலகை விற்கிறவருக்கும் ஒரே பில் என்றால், பலகை குறைவாகச் செலவாகும் ஒரு வீட்டை அவர் ஏன் வரையப்போகிறார்?

சதுர அடியிலும் ஒரு விளையாட்டு உண்டு. ஏழுக்கு ஆறடி அலமாரியை முகப்பை மட்டும் அளந்தால் 42 சதுர அடி. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பலகையையும் தனித்தனியாகப் பிரித்து அளந்தால் நூறைத் தாண்டிவிடும். எந்த அளவு என்பதைக் கொட்டேஷனில் எழுத மாட்டார்கள். 'பிராண்டட் ப்ளை' என்று மட்டும் எழுதியிருக்கும். ஐ.எஸ். 303 என்பது பொது உபயோகத்துக்கு, ஐ.எஸ். 710 என்பது தண்ணீரைத் தாங்கும் மெரைன் வகை. சிங்க்குக்குக் கீழே இரண்டில் எது வருகிறது என்று கேட்டேன். "டோன்ட் வொர்ரி சார்" என்று பதில் வந்தது.

மாடுலர் கிச்சன் என்று இவர்கள் விற்பதற்கு ஒரு பாட்டி இருக்கிறாள். 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். சமைக்கிற பெண் எத்தனை எட்டு நடக்கிறாள் என்று எண்ணிப் பார்த்துச் செய்தது அது. உட்கார்ந்து காய் நறுக்க ஒரு ஸ்டூல், குப்பையை இழுத்துத் தள்ள ஒரு பெட்டி, மாவுக்கும் அரிசிக்கும் தனித்தனி டப்பா, பக்கத்து அறையில் விளையாடும் குழந்தை கண்ணில் படுவதற்காக ஓர் அகலக் கதவு. பெண்ணைத் தனியாக ஓர் அறைக்குள் அடைத்துவிட்டார் என்று பின்னால் பெண்ணியவாதிகள் அவரைத் திட்டினார்கள். நியாயமான திட்டுதான். ஆனால் திட்டுவதற்கும் அதில் ஒரு பெண் இருந்தாள். நம் ஊருக்கு அந்தப் பாட்டியின் பலகைகள் மட்டும் வந்து சேர்ந்திருக்கின்றன. எட்டுகளை எண்ணிய நோட்டுப்புத்தகம் வரவில்லை. எங்கள் டிசைனர் அம்மாவின் உயரத்தைக்கூடக் கேட்கவில்லை.

கேட்டது ஆசாரிதான். ராஜஸ்தானிலிருந்து வந்து இங்கே பத்து வருஷமாக வேலை செய்பவர். அம்மாவை மேடைக்கு முன்னால் நிற்கச் சொல்லி, "கைய மேல தூக்குங்கம்மா" என்று உடைந்த தமிழில் சொல்லி, கை எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். படத்தில் இருந்ததைவிட அந்தக் கோடு அரையடி கீழே இருந்தது. டிசைனர் வந்து பார்த்துவிட்டு, லைன் மேட்ச் ஆகாது என்று மேலேயே ஏற்றச் சொன்னார். ஏற்றினார்கள்.

இப்போது பீரோ. என் அம்மா கல்யாணத்துக்குத் தாத்தா மதுரையில் வாங்கிக் கொடுத்த இரும்பு பீரோ, சாம்பல் நிறம், கண்ணாடி வைத்தது. ஹாலில் டிசைனர் போட்ட தீம் 'செட்டிநாடு கண்டெம்பரரி'. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் ஒரு பழைய தேக்குக் கதவை வாங்கி டிவிக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கலாம் என்றார். தரையில் ஓரிடத்தில் ஆத்தங்குடிக் கல் மாதிரியே ஸ்டிக்கர். கண்ணாடிப் பலகை மேல் கையால் கலர் ஊற்றிச் செய்கிற கல்லுக்கு, ஸ்டிக்கர்! ஏதோ ஒரு குடும்பம் பாகம் பிரித்து, பராமரிக்க முடியாமல் பிரித்து விற்ற வீட்டின் கதவு அது. யாரோ ஓர் ஆச்சியின் கதவுக்கு என் ஹாலில் இடம் இருக்கிறது. உயிரோடு பக்கத்தில் நிற்கும் அம்மாவின் பீரோவுக்கு இல்லை. நினைவு அழகாக இருக்கலாம், ஆனால் நமக்குத் தெரிந்தவர்களுடையதாக இருக்கக் கூடாது. இதைத்தான் இவர்கள் ரசனை என்று நமக்கு விற்கிறார்கள்.

அந்தக் கோபத்தோடு இங்கே முடித்தால் நான் பெரிய யோக்கியன் ஆகிவிடுவேன். பீரோ வேண்டாம் என்று முதலில் சொன்னது டிசைனர் இல்லை, நான்தான். முதல் மீட்டிங்கிலேயே, இன்ஸ்டாகிராமில் சேமித்து வைத்திருந்த நாற்பது படங்களைக் காட்டிவிட்டு, "அந்த பீரோவ மட்டும் கணக்குல எடுத்துக்காதீங்க" என்றேன், அம்மா காப்பி போடப் போயிருந்த நேரத்தில். ஆபீஸ் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் அந்தச் சாம்பல் நிறம் கண்ணில் படக் கூடாது என்று நினைத்தேன். அந்த வெட்கத்தை அவர் உருவாக்கவில்லை. அதற்கு லேமினேட் ஒட்டிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அதற்காக டிசைனர் வைப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். என் நண்பர் ஒருவர் திருச்சியில் வரைபடத்துக்கென்று தனியாகக் கூலி கொடுத்தார். அந்தப் பெண் மூன்று நாள் காலையில் ஆறு மணிக்கு வந்து, யார் எங்கே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்கள், குக்கர் எங்கே இறங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பென்சிலை எடுத்தாராம். கடைசியில் புதிதாகச் செய்தது இரண்டு அலமாரியும் ஒரு ஜன்னலும்தான். பலகையில் கமிஷன் வாங்குகிறவரால் 'இது போதும், வேற ஒண்ணும் வேணாம்' என்று சொல்லவே முடியாது. நாமோ அந்தக் கூலியைக் கொடுக்கக் கணக்குப் பார்த்துவிட்டு, ஃப்ரீயாக வந்த படத்துக்காக ஏழு லட்சம் கொடுக்கிறோம்.

பீரோவைக் காயலான் கடைக்காரர் எடைக்குத்தான் எடுத்தார். அம்மா எதுவும் சொல்லவில்லை. புது வார்ட்ரோபில் இருக்கும் லாக்கர் தகரம் மாதிரி ஆடுகிறது என்று அதில் எதையும் வைக்க மாட்டேன் என்கிறாள். பத்திரம், நகை ரசீது, அப்பாவின் சர்ட்டிஃபிகேட் எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு ட்ராலிப் பெட்டியில் இருக்கின்றன. ஹைட்ராலிக் கட்டில். மெத்தையோடு சேர்த்து அம்மாவால் அதைத் தூக்க முடியாது, என்னைக் கூப்பிட வேண்டும். முந்தாநாள் ராத்திரி கூப்பிட்டாள். என்னம்மா வேணும் என்று கேட்டேன். ஒண்ணுமில்ல, சும்மா பாக்கணும் போல இருந்துச்சு என்றாள்.