எண்ணிக்கை நிறைந்திருந்தால் மட்டும் போதுமா?

இரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் குடும்பத்தார் பலரும் முதலில் தேடுவது வெள்ளணுக்களின் எண்ணிக்கையைத்தான். அது குறைந்திருந்தால் கலங்குகிறோம். கூடியிருந்தால், உடல் நோயை எதிர்த்துப் போராடுகிறது என்று ஆறுதல் அடைகிறோம். இந்த ஆறுதல் எல்லா வேளையிலும் பொருந்துவதன்று. இரத்தத்தில் வெள்ளணுக்கள் நிறைந்திருப்பது ஒன்று. அவை புண் உள்ள இடத்தைச் சென்றடைவது மற்றொன்று. முதலாவதை அறிக்கை சொல்லும். இரண்டாவதை நாம்தான் கேட்டறிய வேண்டும்.

வெள்ளணு புண்ணை எவ்வாறு சென்றடைகிறது? கிருமி நுழைந்த இடத்தில் இரத்தக் குழாயின் உட்சுவர் சில அடையாளங்களை வெளிக்காட்டும். விரைந்தோடும் இரத்தத்தில் வரும் வெள்ளணு அவற்றின்மீது உருண்டு வேகம் குறையும். பின்னர் சுவரில் உறுதியாக ஒட்டும். அதன்பின் சுவரின் இடுக்கு வழியே நெளிந்து திசுவுக்குள் இறங்கும். உறுதியாக ஒட்டும் வேலையைச் செய்வன இன்டெக்ரின் எனப்படும் ஏற்பிகள். இவற்றைக் கண்டறிந்து விளக்கியமைக்காக ரிச்சர்ட் ஹைன்ஸ், எர்க்கி ரூஸ்லாட்டி, திமோத்தி ஸ்பிரிங்கர் ஆகிய மூவருக்கும் 2022-ஆம் ஆண்டின் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

இன்டெக்ரினின் வெளிப்பகுதி சுவரைப் பற்றும் கை போன்றது. அதன் உட்பகுதி குட்டையான ஒரு வால் மட்டுமே. உயிரணுவுக்கு வடிவமும் நகரும் ஆற்றலும் தருவது உள்ளே பின்னிக் கிடக்கும் ஆக்டின் இழைகளாலான சட்டகம். கைக்கும் சட்டகத்துக்கும் இடையில் நின்று இரண்டையும் இணைப்பவை இணைப்புப் புரதங்கள். டாலின் என்னும் புரதம் ஒரு முனையால் இன்டெக்ரினின் வாலையும் மறுமுனையால் ஆக்டினையும் பிடித்துக்கொள்கிறது. கிண்ட்லின் அதே வாலில் வேறோரிடத்தில் அமர்ந்து டாலினுக்குத் துணை செய்கிறது. இவ்விரண்டும் சேர்ந்த பிறகே மடங்கிக் கிடந்த இன்டெக்ரின் நிமிர்ந்து சுவரை இறுகப் பற்றும்.

ஆய்வாளர்கள் இந்த அமைப்பைக் கிளட்ச் என்றே அழைக்கின்றனர். வண்டி ஓட்டும் எவருக்கும் இது விளங்கும். இயந்திரம் எவ்வளவு உறுமினாலும், கிளட்ச் பற்றவில்லையெனில் சக்கரம் சுழலாது.

இந்த ஒட்டும் வேலை பழுதாகும்போது உண்டாகும் அரிய பிறவி நோய், வெள்ளணு ஒட்டுதல் குறைபாடு. அதன் முதல் வகையில் இன்டெக்ரினின் ஒரு பகுதியான சிடி18 இல்லாமலோ மிகக் குறைந்தோ இருக்கும். மூன்றாம் வகையில் இன்டெக்ரின் குறைவின்றி இருக்கும், கிண்ட்லின்-3 இராது. இதுவே காரணம் என்பது 2009-இல் தெளிவாயிற்று. தட்டணுக்களுக்கும் இதே புரதம் தேவையாதலால், இவ்வகைக் குழந்தைகளுக்குத் தொற்றோடு இரத்தக் கசிவும் சேர்ந்து வரும்.

இக்குழந்தைகளின் அறிக்கையில் வெள்ளணுக்கள் மிகுந்தே காணப்படும். இரத்தத்தைவிட்டு வெளியேற இயலாமல் அவை குழாய்களுக்குள்ளேயே தங்கிவிடுவதே காரணம். புண் ஆறாது, ஆயினும் அதில் சீழ் கட்டாது. சீழ் என்பது பெரும்பாலும் போராடி மடிந்த வெள்ளணுக்களே. வந்து சேராதவை அங்கே எப்படிச் சீழாகும்? ஆகவே, சீழ் இல்லை என்பதை மட்டும் நற்குறியாகக் கொள்ளலாகாது.

மற்றொன்றையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். சிடி18 அளவைக் காட்டும் பரிசோதனை முதல் வகையை எளிதில் கண்டுபிடித்துவிடும். மூன்றாம் வகையிலோ அது இயல்பாகவே வரும். கை இருக்கிறது, இணைப்பு மட்டுமே இல்லை. எனவே பரிசோதனை இயல்பு என்று வந்த பின்னும் குழந்தை மீண்டும் மீண்டும் தொற்றுக்கு ஆளானால், இரத்தக் கசிவும் இருந்தால், தேடலை அங்கே நிறுத்திவிடக் கூடாது. மரபணுப் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

என் கருத்தில், மகப்பேறு முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொரு தாய்க்கும் தரப்படும் குறிப்பேட்டில், தொப்புள் கொடி விழுந்த நாளை எழுத ஒரு வரி இருக்க வேண்டும். கொடி பிரிந்து விழுவதற்கும் வெள்ளணுக்கள் அங்கே வந்து சேர வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு வாரங்களுக்குள் அது விழுந்துவிடும். மூன்று, நான்கு வாரங்கள் கடந்தும் விழாமலிருப்பதும், கொடியைச் சுற்றித் தொற்று உண்டாவதும் இந்நோயின் தொடக்க அடையாளங்களாக இருக்கலாம். "கொடி விழுந்ததா?" என்று நம் வீட்டுப் பாட்டிமார் கேட்கும் கேள்வி வெறும் சடங்குக் கேள்வியன்று, அதை எழுதி வைப்போம் என்பதே என் வேண்டுகோள்.

இது பெற்றோரை வீணாக அச்சுறுத்தாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கொடி தாமதமாக விழும் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் முழு நலத்துடன் இருப்பவர்களே. இந்த உண்மையையும் அதே வரியின் கீழ் அச்சிடலாம். தாமதம் மட்டும் நோயாகாது. அதனுடன் தொற்றும், ஆறாத புண்ணும், குறையாத வெள்ளணு எண்ணிக்கையும் சேரும்போதுதான் ஐயம் எழ வேண்டும். அப்போது நாள் குறிக்கப்பட்டிருந்தால், மருத்துவர் நினைவை நம்பியிருக்க வேண்டியதில்லை.

முன்கூட்டியே அறிவதால் பயன் உண்டு. கடுமையான நிலையில் நிலையான தீர்வு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. தொற்றுகள் குழந்தையை நலிவுறச் செய்வதற்கு முன் அதற்கு ஆயத்தமாவதே நல்லது. பொருந்தும் கொடையாளரைத் தேடவும் காலம் வேண்டும்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்நோய் தோன்றும். அவர்கள் இருவரும் நலமாகவே இருப்பார்கள். ஒவ்வொரு கருவிலும் நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. உறவுக்குள் மணம் புரிந்த குடும்பங்களில் இவ்வாய்ப்புக் கூடும். இதில் தாயைக் குறைகூற ஏதுமில்லை. அடுத்த குழந்தைக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுவதே செய்யத்தக்கது.

மருத்துவர்களாகிய எங்களுக்கும் கடமை உண்டு. கிண்ட்லின் என்ற சொல்லைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரை அழைப்பது போதாது. ஒரு தாளில் கையையும் சட்டகத்தையும் வரைந்து, இடையில் அறுந்த இணைப்பைக் காட்டலாம். ஐந்து நிமிடம் போதும். நாங்கள் மறந்தால், தாளையும் பேனாவையும் எங்கள்முன் நீங்கள் வையுங்கள்.