மூச்சு முட்டாத மாஸ்க்கும் மாமாவின் திராட்சைத் தோட்டமும்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். கம்பத்துல மாமா திராட்சைக்கு மருந்தடிக்கக் கிளம்பிட்டு இருந்தார். மூஞ்சில பார்த்தா, 2020 ஊரடங்குல எங்கம்மா தைச்ச மாஸ்க்! மக்களே, அதுல எனக்கும் பங்கு உண்டு (கட்டிங் டிபார்ட்மெண்ட்). அதனாலதான் இந்தப் பதிவு.

அப்போ அம்மா முதல்ல வெட்டினது பழைய பாலியஸ்டர் புடவை. போட்ட அரை மணி நேரத்துல வேர்த்துக் கொட்டி, மாஸ்க் தாடைக்கு இறங்கிடுச்சு. அப்புறம் ஆண்டிபட்டி பக்கம் சக்கம்பட்டில நெய்த காட்டன் சேலையை எடுத்தோம். மூணு மடிப்பு. மூச்சும் விட முடிஞ்சுது, மூக்கு மேலயும் நின்னுது.

மூச்சு விட வசதிங்கிறது சொகுசு இல்லைங்க. கரண்ட் மாதிரிதான் காத்தும், தடை குறைஞ்ச வழியிலதான் அதிகமா ஓடும். துணி ரொம்ப அடைச்சுதுன்னா, கன்னத்து ஓரமா வடிகட்டாமலே உள்ள வந்துடும். அதுக்காக சல்லடையாவும் இருக்கக்கூடாது. வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, ஓட்டை ஓட்டையா தெரிஞ்சா வேற துணி தேடுங்க.

2020 ஜூன்ல உலக சுகாதார நிறுவனம் சொன்னதும் மூணு அடுக்குதான்: உள்ளே ஈரம் உறிஞ்சும் பருத்தி, நடுவில் நெய்யாத பாலிபுரொப்பிலீன், வெளியே ஈரம் ஒட்டாத பாலியஸ்டர் மாதிரி துணி. ஆக, அம்மாவோட பாலியஸ்டர் முழுத் தப்பில்லை. மூக்கை ஒட்டி வச்சதுதான் தப்பு :-)

சரி, மாமா விஷயத்துக்கு வருவோம். துணி மாஸ்க்கோட முக்கிய வேலை, நம்ம இருமல் தும்மல் அடுத்தவங்க மேல தெறிக்காம தடுக்கிறது. பூச்சிமருந்துக்கு அது கவசமே இல்ல. ஆவி நேரா உள்ள போகும். பருத்தியோட நல்ல குணமே இங்க வில்லன்: மருந்தை உறிஞ்சி வாயோட ஒட்டி வச்சுக்கும். என்95 கூட துகளைத்தான் வடிகட்டும், ஆவியை இல்ல. அதுக்குக் கரி வடிகட்டி வச்ச ரெஸ்பிரேட்டர் வேணும். எந்த மருந்துக்கு என்ன கவசம்னு லேபிளைப் பார்த்துதான் முடிவு பண்ணணும்.

மாமாகிட்ட சொன்னேன். "இத்தனை வருசமா துண்டைக் கட்டித்தான் அடிச்சேன் மாப்ள, உங்கம்மா தைச்சது அதைவிட மேல்தானே?"ன்னார்.

அங்கதான் சுருக்குன்னுச்சு. நாங்க தைச்சது மாஸ்க் மட்டுமில்ல, ஒரு பொய்த் தைரியத்தையும் சேர்த்துத்தான். மருந்து விற்கிற கடையிலயே ரெஸ்பிரேட்டரும் கண்ணுல படுற மாதிரி தொங்கணும்ங்கிறது என் கட்சி. மாமாவுக்கு ஒண்ணு வாங்கியாச்சு. போடுவாரா? அடுத்த லீவுல பார்த்துட்டு சொல்றேன்.

உங்க ஊர்ல எதைக் கட்டிக்கிட்டு மருந்தடிக்கிறாங்க? சொல்லிட்டுப் போங்க.