புண்ணியத்துக்குப் படிக்கிறவர்கள்

நிறவெறியை எதிர்க்க எந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்று கேட்பவனிடம் எனக்குச் சந்தேகம் உண்டு. கேள்வியில் தப்பில்லை. கேட்ட கையோடு அவனுக்குக் கிடைத்துவிடுகிற நிம்மதிதான் தப்பு.

2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பரின் கழுத்தை முழங்காலால் அழுத்தி ஒரு வெள்ளைப் போலீஸ்காரர் கொன்றார். சில நாட்களுக்குள் அமெரிக்காவெங்கும் வாசிப்புப் பட்டியல்கள் கிளம்பின. பல்கலைக்கழகம், நூலகம், புத்தகக் கடை, கம்பெனி, எல்லாரிடமும் ஒரு பட்டியல். ஜூனில் ராபின் டிஆஞ்சலோ, இப்ராம் எக்ஸ். கெண்டி இருவரின் நூல்களும் விற்பனையில் உச்சிக்குப் போயின. அதே ஜூனில் தெருவில் இறங்கியவர்களும் ஏராளம். இறங்காதவனுக்குப் பட்டியல் வசதியாயிற்று. கடைசி அத்தியாயத்தை முடித்ததும் கடன் தீர்ந்த பாவனை.

இதில் இலக்கியத்துக்கு நேர்ந்த அவமானம் தனி. டோனி மாரிசனின் ‘த புளூயஸ்ட் ஐ’ (1970), நீலக் கண்களுக்கு ஏங்கிச் சிதைந்துபோகிற ஒரு கறுப்புச் சிறுமியைப் பற்றிய நாவல். பட்டியலில் அது மருந்துச் சீட்டின் ஒரு வரி. விழுங்கியாயிற்று, அடுத்தது என்ன? இந்த வியாதியை ஜேம்ஸ் பால்ட்வின் 1949லேயே கண்டுகொண்டார். ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலைத் தாக்கி எழுதிய கட்டுரையில் அவர் சந்தேகப்பட்டது நல்லெண்ணக் கண்ணீரை. இப்படியொரு நூலைப் படிப்பதாலேயே தன்னை நல்லவனென்று நம்பிவிடுகிற வாசகனை.

அப்போது படிக்கவே வேண்டாமா என்பார்கள். நிறவெறிக்கு எதிராக நான் அறிந்த மிகச் சிறந்த படிப்பு ஒரு கடையின் பின்னறையில் நடந்தது. தென் கரோலினா மாநிலம், ஜான்ஸ் தீவு, 1957 ஜனவரி. அங்கே வாக்காளராகப் பதிய விரும்பியவர் அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை வாசித்துக்காட்ட வேண்டும். கறுப்பர்களை வெளியே நிறுத்த எழுத்தையே வேலியாக்கியிருந்தார்கள். வகுப்புக்குப் பின்னால் இருந்தவர் செப்டிமா கிளார்க். கறுப்பர் உரிமைச் சங்கத்திலிருந்து விலக மறுத்ததால் 1956இல் ஆசிரியை வேலையையும் பென்ஷனையும் இழந்தவர். பாடம் நடத்திய பெர்னிஸ் ராபின்சன் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்து பிழைத்தவர். பள்ளிப்பிள்ளைகளின் பாடப்புத்தகம் அங்கே உதவாது என்று கண்டு, என்ன படிக்க வேண்டும் என்று வந்தவர்களையே கேட்டார். பெயரை எழுத வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், மணியார்டர் பாரம் நிரப்ப வேண்டும் என்றார்கள்.

பாரத்தின் முன் தயங்கும் கையைக் கவுண்டரில் தினமும் பார்க்கிறவன் நான். எழுதத் தெரியாததன் அவமானம் எனக்குப் புத்தக விஷயமல்ல. அந்தப் பின்னறையில் இருந்தவர்கள் நல்லவர்களாவதற்காகப் படிக்கவில்லை. படித்து முடித்துப் போய் நிற்க அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது: பதிவு அலுவலகம். போனால் வேலை போகலாம், உயிரும் போகலாம். அந்த வகுப்புகள் தெற்கு முழுக்கப் பரவின. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்து அங்கே எழுத்தறிவுச் சோதனையை நிறுத்தியது. இத்தகைய வாசிப்புக்கு விலை உண்டு. பட்டியல்காரன் கொடுப்பது புத்தகத்தின் விலை மட்டுமே.

கறுப்பு எழுத்தை மொழிபெயர்த்துப் போட்டு நிமிர்ந்து உட்காருகிற நம் வட்டத்துக்கு ஒரு விஷயம். 1946இல் அம்பேத்கர் டபிள்யூ. இ. பி. டூபாய்ஸுக்கு எழுதிய கடிதமும் படிக்கக் கேட்ட கடிதம்தான். ஐ.நா. சபைக்கு அமெரிக்கக் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் பிரதிகளைக் கேட்டிருந்தார். தீண்டப்படாதவர்களும் அப்படிச் செய்ய யோசிக்கிறார்கள் என்று காரணமும் சொன்னார். ஒரு மனு போட இன்னொரு மனுவைப் படிக்கக் கேட்ட மனிதர்.

நம்மில் எவரும் எதைப் போடுவதற்காகப் பால்ட்வினைப் படிக்கிறோம்? அடுத்த இதழுக்குக் கட்டுரை என்பது பதிலாகாது. இந்தக் கட்டுரையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.