மாநகராட்சிக் கணக்கு யாருடைய கணக்கு?

மாநகராட்சி பட்ஜெட் என்றவுடன் நம்மில் பலர் பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். கோடி, லட்சம் என்று வரிசையாக நிற்கும் எண்களைப் பார்த்ததும், இது கமிஷனருக்கும் கணக்கருக்கும் உள்ள விவகாரம், நமக்கென்ன வந்தது என்று தோன்றுகிறது. ஆனால் நாம் சொல்கிறோம்: டில்லி பட்ஜெட்டையும் சென்னை பட்ஜெட்டையும்விட, மதுரை அறிஞர் அண்ணா மாளிகையில் வாசிக்கப்படும் பட்ஜெட்தான் உழைப்பாளியின் வாசற்படிக்கு மிக அருகில் வருகிறது. குழாயில் தண்ணீர் வருவதும், தெருவிளக்கு எரிவதும், சாக்கடை அள்ளப்படுவதும், பிள்ளை படிக்கும் பள்ளியின் கூரை ஒழுகாமலிருப்பதும் அந்த ஏட்டில்தான் எழுதப்படுகின்றன. அல்லது எழுதப்படாமல் விடப்படுகின்றன.

அந்த ஏடு ஒன்றும் மந்திர நூல் அல்ல. அதில் இருப்பவை மூன்று பெட்டிகள். வருவாய் மற்றும் மூலதன நிதி ஒன்று. குடிநீர் மற்றும் வடிகால் நிதி இரண்டாவது. ஆரம்பக் கல்வி நிதி மூன்றாவது. நாம் கட்டும் சொத்துவரி இந்த மூன்றுக்கும் பங்கிடப்படுகிறது. வாடகை வீட்டில் இருப்பவன், தனக்கு வரி இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். வீட்டுக்காரன் வரியை வாடகையோடு சேர்த்தே வாங்குகிறான் என்பது அவனுக்குத் தெரிவதில்லை. ஆகவே இந்தப் பெட்டிகளில் விழும் காசில் செல்லூர் தறிக்காரரின் காசும், கீழமாரட் வீதியில் மூட்டை சுமப்பவரின் காசும் இருக்கின்றன. நம் காசு எங்கே போகிறது என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

மதுரை 1866-ல் நகராட்சியாயிற்று. 1971-ம் ஆண்டு மே முதல் தேதி மாநகராட்சியாயிற்று. 2011-ல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் முதலிய நகராட்சிகளும், பேரூராட்சிகளும், சுற்றியிருந்த கிராம ஊராட்சிகளும் சேர்க்கப்பட்டன. 72 வார்டுகள் 100 ஆயின. சுமார் 52 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் சுமார் 148 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சேர்க்கப்பட்ட ஊர்களுக்கு மாநகராட்சி என்ற பெயர் உடனே வந்தது. பாதாளச் சாக்கடைக்கு மட்டும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

வரிக்கு வருவோம். 2022-ம் ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடு சர்க்கார் சொத்துவரியை உயர்த்தியது. மதுரை போன்ற நகரங்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவிகிதம். 1,200 சதுர அடி வரை 50 சதவிகிதம். அதற்கு மேலுள்ள வீடுகளுக்கும் வணிகக் கட்டிடங்களுக்கும் இன்னும் அதிகம். வரியை உயர்த்தினால்தான் மானியம் என்று 15-வது நிதிக் கமிஷன் நிபந்தனை போட்டிருக்கிறது என்றார்கள். பெரிய கட்டிடத்துக்குக் கூடுதல் வரி என்ற முறையை நாம் குறை சொல்லவில்லை. இருப்பவன் கூடுதலாகக் கொடுப்பதுதான் நியாயம்.

ஆனால் நடந்தது என்ன? மாநகராட்சி அதிகாரிகளின் கம்ப்யூட்டர் கடவுச்சொற்களைப் பயன்படுத்திப் பல கட்டிடங்களின் வரியை முறைகேடாகக் குறைத்தார்கள் என்ற வழக்கு 2025-ல் மதுரையையே உலுக்கியது. கைதுகள் நடந்தன. அந்த ஆண்டு ஜூலையில் ஐந்து மண்டலத் தலைவர்களும், அக்டோபரில் மேயரும் பதவி விலகினார்கள். குற்றவாளி யார் என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம். அந்த வேலையை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. நமக்கு வேண்டியது வேறொரு தெளிவு. வணிகக் கட்டிடத்தின் வரி இரகசியமாகக் குறையும்போது யாருடைய பங்கு குறைகிறது? துப்புரவுத் தொழிலாளியின் கூலி குறைகிறது. வடிகாலுக்கான தொகை குறைகிறது. ஆரம்பப் பள்ளியின் பெட்டி காலியாகிறது. வரி ஏய்ப்பு என்பது சர்க்காரை ஏமாற்றும் சாமர்த்தியம் என்று சிலர் பேசுகிறார்கள். அது தொழிலாளியின் சட்டைப் பையில் கைவிடுவது என்று நாம் சொல்கிறோம்.

காசு இல்லை என்ற சொல் எப்போதும் எந்தப் பக்கத்தில் வந்து நிற்கிறது என்பதையும் தோழர்கள் கவனிக்க வேண்டும். துப்புரவுப் பணி காண்ட்ராக்டுக்கு விடப்படுகிறது. காரணம் கேட்டால், காசு இல்லை. 2022-ம் ஆண்டு ஏப்ரல் 21-ம் தேதி, பழங்காநத்தம் அருகே நேரு நகரில், மாநகராட்சியின் கழிவுநீரேற்று நிலையத்தில் மோட்டார் வேலைக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர் மூவர் மாண்டனர். மனிதனைக் கழிவுநீர்க் குழிக்குள் இறக்கக் கூடாது என்று 2013-ம் ஆண்டே சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தால் போதுமா? இயந்திரத்துக்கும் பாதுகாப்புக் கருவிக்கும் பட்ஜெட்டில் பணம் இருக்க வேண்டும். அந்தப் பணம் செலவாகியும் இருக்க வேண்டும்.

2024-ம் ஆண்டு அக்டோபர் 25-ம் தேதி பெய்த மழையில் செல்லூரும் சுற்றுப்புறமும் வெள்ளத்தில் மிதந்தன. செல்லூர்க் கண்மாயின் உபரி நீரை வைகைக்குக் கொண்டு சேர்க்கும் பந்தல்குடி வாய்க்கால், மழை நாளில் மட்டும் நம் நினைவுக்கு வருகிறது. வெயில் காலத்தில் தூர்வார ஒதுக்காத பணத்தை, மழைக் காலத்தில் நிவாரணமாகக் கொடுக்கிறோம். இதற்குப் பெயர் சிக்கனமா?

2025-ல் மத்திய சர்க்காரின் தூய்மைக் கணிப்பு வெளிவந்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 40 நகரங்களில் மதுரைக்கு 40-வது இடம். தூங்கா நகரம், சங்கம் வளர்த்த நகரம் என்று மேடைதோறும் பேசுகிறோம். கடைசி இடம் என்றதும் தலை குனிந்தோம். உடனே துடைப்பம் பிடித்த கையைக் குறை சொன்னவர்களும் உண்டு. அந்தக் கைக்கு என்ன கூலி, எத்தனை வண்டி, ஒரு வார்டுக்கு எத்தனை ஆள் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

சரி, இந்தக் கணக்கை யார் தீர்மானிக்கிறார்கள்? இதுதான் மூலக் கேள்வி. 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. இட ஒதுக்கீடு, வார்டு வரையறை என்று வழக்குகள் நீண்டன. 2022 பிப்ரவரி 19-ம் தேதிதான் வாக்குப்பதிவு நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேல், மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினர்கூட இல்லாமல், தனி அதிகாரியின் கையெழுத்தில் மதுரையின் வரவும் செலவும் நடந்தன. அதே காலத்தில்தான் ஸ்மார்ட் சிட்டித் திட்டம் வந்தது. 2016-ல் மதுரை தேர்வாயிற்று. பெரியார் பேருந்து நிலையமும் மற்ற பெரும் வேலைகளும் நடந்தன. பணம் மாமன்றத்துக்கு வரவில்லை. கம்பெனிச் சட்டப்படி அமைந்த தனிக் கம்பெனிக்கு வந்தது. கேள்வி கேட்க மாமன்றமும் இல்லை.

அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. நகரசபைகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளை அது பட்டியலிட்டது. பணிகளின் பட்டியல் வந்தது. பணப்பை மட்டும் மேலேயே தங்கிவிட்டது. காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. 2022-ல் பதவியேற்ற மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. மீண்டும் ஒரு தனி அதிகாரிக் காலத்தை மதுரை பொறுத்துக்கொள்ளக் கூடாது. இது நகரத்துக்கு மட்டும் உள்ள ஆபத்து அல்ல. சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது, அங்கும் தனி அதிகாரிகள்தாம் வந்து அமர்ந்தார்கள். நகரத்தின் குப்பை வெள்ளக்கல்லுக்குப் போகிறது. கழிவுநீர் அவனியாபுரத்துக்கும் சக்கிமங்கலத்துக்கும் போகிறது. வைகை நீருக்கு வயலும் நகரமும் ஒன்றாகக் கையேந்தி நிற்கின்றன. நகரத்தான், கிராமத்தான் என்று பிரித்துப் பேச இதில் இடமில்லை.

நகரசபையால் என்ன ஆகிவிடும் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு வரலாறு சொல்கிறோம். 1920-ம் ஆண்டு, சர். பி. தியாகராயர் தலைவராக இருந்தபோது, சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று வெள்ளைக்கார சர்க்கார் மறுத்தது. திட்டம் சில காலம் நின்றது. ஆனாலும் அந்த ஓரணா சாகவில்லை. காமராஜர் காலத்தில் மாநிலத்தின் மதிய உணவுத் திட்டமாயிற்று. 2022-ம் ஆண்டு செப்டம்பர் 15-ம் தேதி, காலை உணவுத் திட்டத்தைத் தொடங்க முதலமைச்சர் வந்த இடம் எது? மதுரை ஆதிமூலம் மாநகராட்சி ஆரம்பப் பள்ளி. ஒரு நகரசபையின் பட்ஜெட்டில் எழுதிய ஒரே ஒரு வரி, நூறாண்டு கடந்து நாடு முழுதும் பேசும் திட்டமாயிற்று.

அப்படியானால் நம் வேலை என்ன? சட்டமே ஒரு கருவி கொடுத்திருக்கிறது. 2022-ல் தமிழ்நாட்டில் வார்டுக் குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்தன. அவ்வாண்டு நவம்பர் முதல் தேதி பகுதி சபைகள் கூடின. கூடிய சபைகள் தெருவிளக்கு மனுவோடும் சாக்கடை மனுவோடும் கலைந்துவிட்டால் பயன் இல்லை. பட்ஜெட் மாமன்றத்துக்குப் போகுமுன் பகுதி சபைக்கு வர வேண்டும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் மக்கள் கூடிச் செலவை வரிசைப்படுத்தினார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? போடிமெட்டுக்கு அப்பால் கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளின் கைக்கு வந்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

ஆகவே நாம் கேட்பவை நான்கு. பெரிய கட்டிடங்களின் வரிக் கணக்கை வார்டுவாரியாகப் பகிரங்கமாக ஒட்ட வேண்டும். பட்ஜெட்டில் தொழிலாளியின் கூலியும் உயிர்ப் பாதுகாப்பும் முதல் இனமாக எழுதப்பட வேண்டும். ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று சென்ற ஆண்டின் கணக்கைப் பகுதி சபையில் வாசிக்க வேண்டும். காலம் முடியுமுன் தேர்தல் நடந்தாக வேண்டும்.

இவற்றில் எதுவும் தானாக வராது. நம் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓட்டுப் போட்ட அன்று கவுன்சிலரின் பெயர் தெரியும், மறுநாளே மறந்துவிடுகிறோம். மாமன்றம் கூடும் நாளில் பார்வையாளர் பகுதிக்குப் போய் உட்கார்ந்த தோழர்கள் எத்தனை பேர்? இனிக் கிளைதோறும் பட்ஜெட் புத்தகம் ஒன்று இருக்கட்டும். வேலை முடிந்து வரும் மாலையில், எழுதப் படிக்கத் தெரிந்த தோழர் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். மற்றவர்கள் தங்கள் தெருவின் பெயர் அதில் வருகிறதா என்று கேட்கட்டும். வராவிட்டால் எழுந்து நின்று ஏன் என்று கேட்கட்டும். உழைப்பவன் கணக்குக் கேட்கத் தொடங்கிவிட்டால், கணக்கு எழுதுகிறவனின் கை தானாகவே நேராகும்.