வேடியப்பனுக்கு ஒரு நாவல்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கிராஸ் பிளெய்ன்ஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1920-களில் அதைச் சுற்றி எண்ணெய் கிடைத்ததும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குவிந்தார்கள். கூலி ஏறியது, வாடகை ஏறியது, சூதும் சாராயமும் அடிதடியும் கூடவே ஏறின. அந்த ஊர் டாக்டரின் மகன் ராபர்ட் ஹோவார்ட் இளமையில் எண்ணெய் வயல் செய்திகள் எழுதினார், மருந்துக்கடையில் சோடா ஊற்றிக் கொடுத்தார், மிச்ச நேரத்தில் கதை எழுதினார். 1932 டிசம்பரில் ‘வியர்டு டேல்ஸ்’ என்ற மலிவு இதழில் அவருடைய கோனன் அறிமுகமானான். கொல்லன் மகனான ஒரு நாடோடி வாளை மட்டும் நம்பி, மாயத்தால் ஊரை ஆள்பவர்களை எதிர்கொள்ளும் கதைகள் அவை. 1936-இல், 30 வயதில், ஹோவார்ட் இறந்துபோனார். கோனன் இன்றும் அச்சில் இருக்கிறான். குத்துச்சண்டைக்காரர்கள், சாராயம் கடத்தியவர்கள், எண்ணெய் வயல் முரடர்கள், சூதாடிகள், நேர்மையான உழைப்பாளிகள் என்று தான் பார்த்துப் பழகிய ஆட்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தே கோனனை உருவாக்கியதாக ஹோவார்ட் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். வாளும் மாயமும் கலந்த நாவல்களை ராஜா காலத்துக் கட்டுக்கதை என்று ஒதுக்குகிறவர்கள் இந்தப் பிறப்புக் கதையைக் கவனிக்க வேண்டும். திடீரென்று பணம் புரண்ட ஒரு கூலிக்காரர் ஊர்தான் அந்த வகையின் தாய்வீடு.

அப்படிப்பட்ட ஊர் நம்மிடமும் இருக்கிறது. 1970-களில் சிப்காட் வந்து, பிறகு அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் வரிசைகட்டிய ஓசூர், 2019-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. தருமபுரி, திருவண்ணாமலை பக்கத்துப் பிள்ளைகளோடு ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகளும் ஐ.டி.ஐ. சான்றிதழும் ஒரு பையுமாக வந்து இறங்குகிறார்கள். இன்னார் மகன் என்று அறிந்தவர் ஒருவரும் இல்லாத ஊரில், கைத்திறனை மட்டும் முதலாக வைத்து வாழத் தொடங்குகிறவர்கள் அவர்கள். கோனன் கதைகளின் நாயகனும் இதே ஆள்தான். குலமும் கோத்திரமும் சொல்ல இல்லாதவனை நடுவில் நிறுத்தியதுதான் இந்த நாவல் வகையின் உயிர். அது 90 ஆண்டுகளாக நிலைத்திருப்பதற்கும் அதுவே காரணம். தமிழில் சினிமாவும் சிறுவர் இதழும் அந்த நாயகனைத் தொட்டுப் பார்த்தன. பெரியவர்களுக்கான நாவல் மட்டும் அவனை உள்ளே விடவில்லை. இத்தனைக்கும் அவனுக்கு வேண்டிய மூலப்பொருள் ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் கிடக்கிறது.

ஹோவார்டின் கதைகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தால் இந்த நாயகன் எப்படிப்பட்டவன் என்பது விளங்கும். 1933-இல் வந்த ‘யானைக் கோபுரம்’ கதையில் கோனன் இளைஞன், நகரத்துக்குப் புதியவன், தொழில் திருட்டு. யாரா என்ற மந்திரவாதியின் கோபுரத்தில் விலைமதிப்பற்ற ரத்தினம் இருப்பதாகக் கேள்விப்பட்டு மதில் ஏறுகிறான். காவல் சிங்கங்களையும் ஒரு பெரிய சிலந்தியையும் கடந்து உள்ளறைக்குப் போனால், அங்கே யானைத் தலையோடு வேற்றுலகத்து உயிர் ஒன்று கிடக்கிறது. கண்களைக் குருடாக்கி, கைகால்களை முறித்து, அதைச் சித்திரவதை செய்துதான் யாரா தன் மாய வேலைகளுக்கு அடிமையாக வைத்திருக்கிறான். அந்தக் கோபுரத்தையே ஒரே இரவில் எழுப்பியதும் அந்த அடிமைதான். கோனன் முதலில் மிரள்கிறான், பிறகு இரங்குகிறான். மனித குலம் செய்த குற்றம் அத்தனையும் தன் தலைமேல் வந்து இறங்கியதுபோல் வெட்கப்படுகிறான். அந்த உயிர் கேட்டபடி அதன் துன்பத்தை முடித்துவைத்து, அது பழிதீர்த்துக்கொள்ளத் துணைபோகிறான். கோபுரம் நொறுங்கி விழுகிறது. ரத்தினம் கிடைக்காமல் வெறுங்கையோடு வெளியே வருகிறான். மந்திரவாதியின் வல்லமையில் பெரும்பகுதி அடைபட்ட ஒருவனின் அறிவையும் உழைப்பையும் பிழிந்து எடுத்தது என்பதை ஒரு திருடன் கண்டுபிடிக்கிறான். சம்பளத்துக்கு வேலை செய்யும் எவருக்கும் இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வகையின் செல்வாக்கு புத்தகத்தோடு நிற்கவில்லை. 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ விளையாட்டை வடிவமைத்தவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், தனக்குத் தூண்டுகோலாக இருந்த எழுத்தாளர்களின் பட்டியலை 1979-இல் வெளியிட்டார். ஹோவார்ட், ஃபிரிட்ஸ் லைபர், மைக்கேல் மூர்காக் ஆகியோர் அதில் இருக்கிறார்கள். படிப்படியாக நிலை உயர்வது, அடி வாங்கினால் உயிர்ப் புள்ளி குறைவது, புதையல் சேர்த்து ஆயுதம் வாங்குவது எல்லாம் அந்த விளையாட்டின் வழியாகவே கணினிக்கும் செல்பேசிக்கும் வந்தன. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும் ஓர் இளைஞர் செல்பேசியில் வாளெடுத்து விளையாடினால், அவர் பெயர்கூடக் கேட்டிராத ஒரு டெக்சாஸ் எழுத்தாளரின் கற்பனைக்குள்தான் இருக்கிறார்.

நம் பக்கம் இந்தச் சுவையை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது அம்புலிமாமா. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் ஒன்றாகத் தொடங்கினார்கள். 1949-இல் கன்னடமும் வந்தது. அதன் சாகசத் தொடர்கள் பலவற்றைத் தெலுங்கில் எழுதியவர் தாசரி சுப்ரமணியம். 1952-இல் சேர்ந்து 2006 வரை அங்கேயே வேலை பார்த்தார். அவருடைய ‘யக்ஷ பர்வதம்’ தொடரில் கட்கவர்மன் வாளோடும் ஜீவதத்தன் மந்திரக் கோலோடும் காடுகளில் அலைவார்கள்; சித்ராவின் வண்ணப் படங்கள் கதைக்கு உடம்பு கொடுத்தன. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் புழங்கும் ஓசூர் போன்ற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான இதழ் வேறு இருந்திருக்க முடியாது. மூன்று வீட்டுப் பிள்ளைகள் மூன்று எழுத்தில் ஒரே கதையைப் படிக்க அது வழி செய்தது. இதே நாகி ரெட்டி - சக்ரபாணி கூட்டணி 1951-இல் தயாரித்த ‘பாதாள பைரவி’ படத்தின் நாயகன் தோட்டக்காரரின் மகன். அவனைப் பலிகொடுத்து வரம் பெற நினைக்கும் மாந்திரீகனை அவன் பலியாக்கிவிட்டு, வரத்தைத் தனதாக்கிக்கொள்கிறான். 1958-இல் எம்.ஜி.ஆர். இயக்கி நடித்த ‘நாடோடி மன்ன’னில் சாதாரணக் குடிமகன் வீராங்கன் அரசனின் இடத்தில் அமர்ந்து ஏழைகளுக்காகச் சட்டம் போடுகிறான். அந்தப் படத்தின் வெற்றியைத் தமிழகம் அறியும்.

நாவலில் மட்டும் அரச குலத்தின் பிடி தளரவில்லை. கல்கியும் சாண்டில்யனும் நமக்கு அளித்த வாசிப்பின்பத்தைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனாலும் அந்த நாவல்களின் மையக் கேள்வி, அரியணை யாருக்கு உரியது என்பதே. ‘பொன்னியின் செல்வ’னில் வாசகர்கள் மிகவும் நேசிப்பது நாடில்லாமல் ஒரு குதிரையோடு வரும் வந்தியத்தேவனை. ஆனால் அவனும் பழைய வாணர் குலத்தவன், அவன் அலைச்சல் எல்லாம் சோழ வீட்டுக்காக. சினிமாவும் சில வேளை அந்தப் பிடிக்குத் திரும்புகிறது: ‘பாகுபலி’ அருவி ஏறும் காட்டுப் பிள்ளையாகத் தொடங்கி, அவன் உண்மையில் இளவரசன் என்ற இடத்தில் போய் நிம்மதி அடைகிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி எளிய தமிழில் தந்ததும் சக்கரவர்த்தித் திருமகனின் கதையையும் பாரதப் போரையும்தான். கோனனும் கடைசியில் அரசனாகிறானே என்று கேட்கலாம். ஆகிறான், வாளால் பிடுங்கி. முதல் கதையிலேயே அவன் எழுதுமேசையில் அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறான். மக்களோ செத்துப்போன கொடுங்கோலனைப் புகழ்ந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். பிறப்பால் வந்த உரிமை என்ற நினைப்புக்கு அங்கே ஒரு மூலைகூட இல்லை.

இனி அந்த மூலப்பொருளுக்கு வருவோம். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களைப்போல் நடுகற்கள் செறிந்த நிலம் தமிழகத்தில் குறைவு. ஆநிரை மீட்கும் சண்டையில் செத்தவன், புலியைக் குத்திச் செத்தவன், ஊரைக் காத்துச் செத்தவன் என்று கல் சொல்லும் ஆட்களில் பெரும்பாலோர் அரசர்கள் அல்லர். கல்வெட்டில் ஆட்சியாண்டுக்காக மட்டும் அரசன் பெயர் வரும். கல்லில் நிற்பவன் வேறொருவன். ஒரு கையில் வில், மறு கையில் வாள், சில கற்களில் உடம்பில் தைத்த அம்புகளோடு. சாத்தனூர் அணைக்கு அருகில் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போராடி விழுந்தவனோடு, இரண்டு கள்ளர்களைக் கடித்து அவனருகே காவல் நின்ற அவனுடைய நாய்க்கும் அந்தக் கல்லில் உருவம் உண்டு, பெயரும் உண்டு: கோவிவன். 1,400 ஆண்டுகளுக்கு முந்தைய நாயின் பெயர் நமக்குத் தெரியும் என்பதே ஒரு நாவலின் முதல் அத்தியாயம் அல்லவா? இந்தக் கற்கள் பலவற்றை மக்கள் இன்றும் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைக்கிறார்கள். மாயத்துக்கும் பஞ்சமில்லை. சூளகிரிப் பக்கம் மல்லச்சந்திரத்துப் பாறைமேல் பலகைக் கற்களால் கட்டிய பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் நிற்கின்றன. இப்படிப்பட்டவற்றைப் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் சொல்லும் வழக்கம் நம் நாட்டுப்புறத்தில் உண்டு. ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மலைக்கோட்டைகள் இருக்கின்றன; ஹொய்சள ராமநாதன் தலைநகராகக் கொண்ட குந்தாணி இருக்கிறது.

மந்திரக் கதைகள் மூடநம்பிக்கையை வளர்க்கும் என்பது பகுத்தறிவு மண்ணில் எழ வேண்டிய கேள்விதான். ஆனால் இந்தக் கதைகளில் மாந்திரீகம் அநேகமாக எதிரியின் கையிலேயே இருக்கிறது. அது கும்பிடத் தக்கதல்ல, வெல்லத் தக்கது என்பதில்தான் கதையே நகர்கிறது. 1952 முதல் 1980 வரை அம்புலிமாமாவின் ஆசிரியப் பொறுப்பில் இருந்த கொடவடிகண்டி குடும்பராவ் மார்க்சியர், பகுத்தறிவாளர். பேயும் வேதாளமும் உலவும் இதழை நடத்த அந்தக் கொள்கை அவருக்குத் தடையாக இருக்கவில்லை. தொழிலாளர் வாழ்க்கையை எழுத வேண்டிய ஊரில் கற்பனைக்குள் ஓடி ஒளியலாமா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. ஆலை வாழ்க்கையைப் பேசும் யதார்த்த நாவல்கள் ஓசூரிலிருந்து இன்னும் நிறைய வர வேண்டும். வாள் கதை அவற்றின் இடத்தைப் பிடிக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சக்தி தன் வாழ்வை முடிவுசெய்கிறது என்ற உணர்வுக்கு முகமும் உடம்பும் கொடுத்து, அதை எதிர்த்து நிற்க முடியும் என்று காட்டுவது வேறொரு வேலை. அதை இந்த வகைதான் செய்கிறது.

மிகக் கனமான எதிர்ப்பு வேறு. வாளேந்திய வீரனைப் பற்றி எழுதினால், நாளையே அவன் எங்கள் சாதி என்று சுவரொட்டி ஒட்ட ஆள் வந்துவிடும். இந்த அச்சம் முற்றிலும் நியாயமானது. ஹோவார்டின் எழுத்திலேயே கறுப்பின மக்களைப் பற்றிய இழிவான சித்திரிப்புகள் இருக்கின்றன. அவற்றை மழுப்பக் கூடாது. அதற்கு விடை அந்த வகைக்குள்ளிருந்தே வந்தது. கறுப்பின எழுத்தாளர் சார்லஸ் சாண்டர்ஸ், ஆப்பிரிக்காவைக் களமாக்கி ‘இமாரோ’ என்ற வீரனைப் படைத்து, 1981-இல் நாவலாகக் கொண்டுவந்தார். அதற்கும் வெகு முன்பே, 1934-இல், சி.எல். மூர் என்ற பெண் எழுத்தாளர் ஜிரெல் என்ற வாள்வீராங்கனையை ஆண்களின் அந்த உலகத்துக்குள் நிறுத்தினார். ஆகவே வடிவத்தைக் குற்றம் சொல்வதில் பயனில்லை, யார் எழுதுகிறார்கள் என்பதே கேள்வி. சாதிப் பெருமிதத்துக்கு அதிகம் தீனி போட்டவை வம்சாவளி பேசும் அரச கதைகள்தான். குலம் சொல்லாத நாயகன் அந்தத் தீனியை நிறுத்துகிறான். நடுகல் நிற்கும் இதே மாவட்டத்தில் சதிக்கற்களும் நிற்கின்றன. கணவனோடு எரிந்ததற்காக மட்டுமே கல்லில் இடம்பெற்ற பெண்கள் அவர்கள். விடுதிகளில் தங்கி, மின்னணுப் பொருள் ஆலைகளில் ஷிப்ட் பார்க்கும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் இன்று வாழும் நிலமும் இதுதான். நம் முதல் வாள் நாவலின் நடுவே நிற்க வேண்டியவள் அவர்களில் ஒருத்தியைப் போன்றவளே என்பேன்.

ஆங்கில உலகத்தின் பனிமலைகளையும் டிராகன்களையும் தமிழில் பெயர்த்து வைப்பதால் இது நடக்காது. பதிப்பகங்கள் தாசரி சுப்ரமணியத்தின் தொடர்களைப் பெரியவர்களும் படிக்கும் பதிப்பாக, அவர் பெயரோடு தமிழில் கொண்டுவரட்டும். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் புத்தகத் திருவிழா நடத்துகிறவர்கள், இந்த மண்ணைக் களமாகக் கொண்ட மாய நாவல்களுக்கு ஒரு போட்டி அறிவிக்கட்டும். அதைத் தமிழோடு தெலுங்கிலும் கன்னடத்திலும் அறிவித்தால் இன்னும் நல்லது. எழுத நினைக்கும் இளைஞர்கள், சோழர் பாண்டியர் வரலாற்றைப் புரட்டுவதற்கு முன், கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் அங்குள்ள நடுகற்களின் முன்னால் ஒரு பகல் முழுக்க நின்று பார்த்துவிட்டு வரட்டும்.